தனி நட்சத்திரமா, ஜோடியா? ரேடியோ சொல்லும் சேதி

மாசி மாதத்தில் இரவு ஒன்பது மணி வாக்கில், மதுரையிலிருந்து திருமங்கலம் தாண்டிப் போய் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் தெற்குப் பார்த்து நில்லுங்கள். தாழ்வாக, பளிச்சென்று தெரிவது அகத்தியர் நட்சத்திரம். அதற்கு இடப்பக்கம், கையை நீட்டி அளந்தால் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் உயரத்தில் இன்னொரு நட்சத்திரம் இருக்கும். அதன் பெயர் காமா வெலோரம். தொலைவு சுமார் 1,100 ஒளியாண்டு.

கண்ணுக்கு ஒரே புள்ளிதான். ஆனால் அங்கே இருப்பவை இரண்டு ராட்சத நட்சத்திரங்கள். 78.5 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பைனாகுலரில் பார்த்தால் பக்கத்தில் மங்கலாக ஒன்று தனியாகத் தெரியும். நான் சொல்லும் ஜோடி அது அல்ல. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம். அதனால் எந்தப் பைனாகுலராலும் இவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது.

இப்படிப்பட்ட ஜோடிகளை ரேடியோ அலைகள் காட்டிக்கொடுத்த விதம்தான் இந்தக் கட்டுரை.

எல்லா நட்சத்திரங்களும் தம் மேற்பரப்பிலிருந்து வாயுவை வெளியே ஊதிக்கொண்டே இருக்கின்றன. சூரியனும் அப்படித்தான்; அதன் காற்று நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடந்து போகிறது. ஆனால் அதில் சூரியன் இழக்கும் பொருள் மிகமிகக் குறைவு. பெரிய நட்சத்திரங்களின் கதை வேறு. அவற்றின் ஒளி அவ்வளவு கடுமையானது. வெளி அடுக்குகளில் இருக்கும் இரும்பு, கார்பன், நைட்ரஜன் போன்ற அணுக்கள் புற ஊதா ஒளியை விழுங்கும்போது, அந்த ஒளியே அவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. அவை மற்ற வாயுவையும் இழுத்துக்கொண்டு நொடிக்கு 1,000 முதல் 3,000 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகின்றன.

இதிலும் உச்சம் வுல்ஃப்–ராயே வகை. 1867-ல் பாரிஸ் வானாய்வகத்தில் சார்லஸ் வுல்ஃபும் ஜார்ஜ் ராயேவும் முதலில் கண்டறிந்தவை. காமா வெலோரம் ஜோடியில் ஒன்று இந்த வகை. இவற்றில் பல, மூன்று நான்கு மாதத்தில் ஒரு பூமியின் எடையளவு பொருளை ஊதித் தள்ளிவிடும்.

இந்தக் காற்று சூடான பிளாஸ்மா; அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களாகவும், மின்னூட்டம் கொண்ட அயனிகளாகவும் பிரிந்துபோன வாயு. அதற்குள் எலக்ட்ரான்கள் அயனிகளின் பக்கத்தில் போகும்போது வளைந்து திரும்பும். அப்போது ரேடியோ அலை வெளிப்படும். வெப்பத்தால் வருவதால் இதை வெப்ப ரேடியோ என்பார்கள். 1975-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கணக்கிட்டு ஒரே முடிவுக்கு வந்தன: அதிர்வெண் கூடக்கூட ரேடியோவின் வலிமையும் கூடும். அதிர்வெண்ணைப் பத்து மடங்காக்கினால் வலிமை ஏறக்குறைய நான்கு மடங்காக வேண்டும்.

பெரும்பாலான நட்சத்திரங்கள் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டன. சில கட்டுப்படவில்லை. 1980-களில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் உள்ள வி.எல்.ஏ. தொலைநோக்கி வரிசையைக் கொண்டு அளந்தபோது, சிக்னஸ் ஓபி2 என்ற நட்சத்திரக் கூட்டத்தின் 9-ஆம் எண் நட்சத்திரம் போன்ற சில, நேர்மாறாக நடந்துகொண்டன. குறைந்த அதிர்வெண்ணில்தான் அவற்றின் சத்தம் அதிகம். அந்த வலிமையை வெப்பமாக மாற்றிக் கணக்கிட்டால் பல லட்சம் டிகிரி என்று வந்தது. காற்றின் உண்மையான வெப்பமோ சில பத்தாயிரம் டிகிரிதான். ஆக, இந்த ரேடியோ வெப்பத்திலிருந்து வரவில்லை.

வேறு எதிலிருந்து? ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுருண்டு சுருண்டு போகும்போது வெளிவிடும் கதிர்வீச்சிலிருந்து. 1947-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி இயந்திரத்தில் இதை முதன்முதலில் கண்ணாலேயே பார்த்தார்கள். அதனால் சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்ற பெயர். சரி, ஒரு நட்சத்திரத்தின் காற்றில் அவ்வளவு வேகமான எலக்ட்ரான்கள் எங்கிருந்து வந்தன?

முதலில் சொல்லப்பட்ட பதில், தனி நட்சத்திரத்தின் காற்றுக்குள்ளேயே வேகமான பகுதி மெதுவான பகுதியை முட்டி அதிர்ச்சி அலைகளை உண்டாக்குகிறது என்பது. நியாயமான யோசனைதான். ஆனால் ஒவ்வொன்றாக ஆராய ஆராய, விதியை மீறிய நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் துணை ஒன்று இருப்பது தெரியவந்தது. 2000-ஆம் ஆண்டில் டௌர்ட்டி, வில்லியம்ஸ் என்ற வானியலாளர்கள் இருவரும் வுல்ஃப்–ராயே நட்சத்திரங்களை அலசி, வெப்பம் சாராத ரேடியோ தருபவற்றில் பெரும்பாலானவை ஜோடிகள் என்று காட்டினார்கள். சிக்னஸ் 9-ஆம் எண்ணும் தப்பவில்லை. அது இரட்டை என்பது 2008-ல் வெளியானது. சுற்றுக்காலம் இரண்டே கால் வருடத்துக்குச் சற்று மேல். ரேடியோ முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது, துணை பிறகு அகப்பட்டது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இப்போது அந்த ஜோடிக்கு நடுவே போவோம். இரண்டு காற்றுகளும் எதிரெதிரே வந்து மோதுகின்றன. எங்கே மோதும் என்பதை முடிவு செய்வது அவற்றின் உந்துவிசைகள் சமமாகும் இடம். ஒன்றின் காற்று மற்றதைப்போல் 25 மடங்கு உந்துவிசை கொண்டது என்று வையுங்கள். அப்போது மோதும் இடம், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தில் ஆறில் ஒரு பங்கு தொலைவில், பலவீனமானவருக்குப் பக்கத்திலேயே அமையும். அங்கிருந்து மோதல் பரப்பு வளைந்து, பலவீனமான நட்சத்திரத்தைப் போர்த்தினாற்போல் பின்னால் விரிந்து செல்லும். பரப்பின் இரு பக்கமும் ஓர் அதிர்ச்சி அலை. அங்கே வாயு பல கோடி டிகிரிக்குச் சூடாகி எக்ஸ் கதிர் வீசும்.

எலக்ட்ரான்கள் வேகம் பிடிப்பதும் அங்கேதான். எதிரே வரும் பஸ்ஸின் முன்பக்கத்தில் ரப்பர் பந்தை எறிந்தால், எறிந்ததைவிட வேகமாகத் திரும்பும். அதிர்ச்சி அலையின் இரு பக்கத்து வாயுவும் ஒன்றையொன்று நெருங்கி வருவதால், காந்தப்புலச் சிக்கல்களில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான் எந்தப் பக்கம் போனாலும் எதிரே வருவதையே சந்திக்கிறது. ஒவ்வொரு கடப்பிலும் கொஞ்சம் ஆற்றல் சேரும். பெரும்பாலானவை சில கடப்புகளிலேயே அடித்துச் செல்லப்பட்டுவிடும். சில மட்டும் தங்கித் தங்கி ஒளிவேகத்தை நெருங்கிவிடும். என்ரிகோ ஃபெர்மி 1949-ல் விதைத்த யோசனை இது. அதிர்ச்சி அலைக்குப் பொருந்தும் வடிவத்தை 1977, 78-ல் பலர் தனித்தனியாகக் கண்டார்கள்.

இதில் அழகான ஒரு விஷயம் உண்டு. வலுவான அதிர்ச்சி அலை வாயுவை நான்கு மடங்கு அடர்த்தியாக்கும். அந்த நான்கு என்ற எண்ணை வைத்தே, எத்தனை எலக்ட்ரான்கள் எவ்வளவு ஆற்றலோடு இருக்கும் என்று கணக்கிடலாம். அதிலிருந்து அதிர்வெண் நான்கு மடங்கானால் ரேடியோ பாதியாகும் என்று வருகிறது. வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களின் மிச்சமான சூப்பர்நோவா எச்சங்களில் காணும் சரிவும் ஏறக்குறைய இதே அளவுதான்.

அப்படியானால் நம் தெற்கு வானத்து காமா வெலோரம் ரேடியோவில் முழங்க வேண்டுமே? முழங்கவில்லை. அதிலிருந்து வருவது பெரும்பாலும் வெப்ப ரேடியோதான்.

காரணம், காற்றே ரேடியோவை விழுங்கும். அலையை வெளிவிடும் அதே பிளாஸ்மா, வெளியே போகும் அலையை உறிஞ்சவும் செய்யும். அதிர்வெண் குறையக் குறைய இந்த உறிஞ்சல் பலமாகும். வுல்ஃப்–ராயே நட்சத்திரத்தைச் சுற்றிப் பூமி–சூரியன் தூரத்தைப்போல் பல மடங்கு வரைக்கும் அதன் காற்று ரேடியோவுக்கு ஒரு சுவர். காமா வெலோரத்தில் மோதல் அந்தச் சுவருக்கு உள்ளேயே நடக்கிறது. துகள்கள் வேகம் பிடிப்பது நிற்கவில்லை என்பதற்கும் தடயம் உண்டு: ஃபெர்மி செயற்கைக்கோளின் பல ஆண்டுத் தரவில் அந்தத் திசையிலிருந்து காமா கதிர் வருவதை 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. காமா கதிரை அந்தக் காற்று தடுக்காது.

ஆக, சிங்க்ரோட்ரான் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாகும், உறிஞ்சலும் அங்கேதான் பலமாகும். இந்த இழுபறியில் ரேடியோ வலிமை ஓரிடத்தில் உச்சத்தைத் தொட்டுக் கீழே திரும்பும். எங்கே திரும்புகிறது என்று பார்த்தால் காற்றின் அடர்த்தியை மதிப்பிடலாம். அதற்குத் தாழ்ந்த அதிர்வெண்களில் கேட்கும் கருவி வேண்டும். புனே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களோடு நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி அப்படிப்பட்டது. ஊட்டியின் ரேடியோ தொலைநோக்கியை 1970-ல் உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப்தான் இதையும் உருவாக்கியவர். பெரிய நட்சத்திரங்கள் நிறைந்த சிக்னஸ் பகுதியை 325, 610 மெகாஹெர்ட்ஸில் அது அலசியிருக்கிறது.

ஜோடி போதுமான அளவு விலகி இருந்தால் மோதல் சுவருக்கு வெளியே வந்துவிடும். டபிள்யூ.ஆர். 147 என்ற வுல்ஃப்–ராயே ஜோடி அப்படி. அதன் ரேடியோ படத்தில் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. ஒன்று வுல்ஃப்–ராயே நட்சத்திரத்தின் வெப்பக் காற்று. மற்றது எந்த நட்சத்திரத்தின் மேலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, துணைக்குப் பக்கத்தில், மோதல் நடக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

டபிள்யூ.ஆர். 140 என்ற இன்னொரு ஜோடி இரண்டு நிலைகளையும் மாறி மாறிக் காட்டும். மதுரையில் வடக்கு வானத்தில் நன்றாக உயரும் சிக்னஸ் விண்மீன் தொகுதியில், பைனாகுலருக்கு எட்டும் மங்கலான நட்சத்திரம். 5,000 ஒளியாண்டுக்கும் அப்பால். சுற்றுக்காலம் 7.9 ஆண்டு, பாதை மிக நீளமான நீள்வட்டம். நெருங்கும்போது இடைவெளி பூமி–சூரியன் தூரத்தில் ஒன்றரை மடங்கு. விலகும்போது அதுவே 25 மடங்குக்கும் மேல். நெருக்கத்தின்போது ரேடியோ கிட்டத்தட்ட அமுங்கிவிடும். அப்புறம் சில ஆண்டுகள் அடக்கமாகவே இருந்து, மெல்ல ஏறி, பத்து மடங்குக்கு மேல் வலுத்து, அடுத்த நெருக்கத்துக்கு முன்பே சடாரென்று விழும். 1999, 2000-ல் அமெரிக்கா முழுக்கப் பரவிய வி.எல்.பி.ஏ. தொலைநோக்கிகள் இதை உற்றுப் பார்த்தபோது வளைந்த வில் போன்ற ஒரு பரப்பு தெரிந்தது. நட்சத்திரங்கள் சுற்றச் சுற்ற அந்த வில்லும் திரும்பியது. கணக்கில் மட்டும் இருந்த மோதல் பரப்பு படத்தில் நகர்ந்தது!

கடைசி நெருக்கம் 2024 நவம்பரில் முடிந்தது. அடுத்தது 2032 இறுதி வாக்கில். ரேடியோ உச்சம் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னதாக, 2031-ஐ ஒட்டி வரும். உயர்ந்த அதிர்வெண்களில் முதலில், தாழ்ந்தவற்றில் பிறகு.