செற்றைத் திருப்பிப் பாருங்கள்: பாவித்த ஹைஃபை வாங்குமுன்

பழைய ஜப்பான் செற் ஒன்று கடை மேசையில் இருந்தால் எல்லாருடைய கண்ணும் முன்பக்கத்துக்குத்தான் போகும். அலுமினியத் தகடு, கனத்த வொலியூம் குமிழ், ஊசி ஆடும் இரண்டு மீற்றர்கள். விற்பவருக்கும் அது தெரியும். அதனால்தான் முன்பக்கத்தை மட்டும் துடைத்து மினுக்கி வைத்திருப்பார். வாங்கப் போகிறவர் முதலில் செற்றைத் திருப்பவேண்டும். பின்தகட்டில், மெயின் வயர் உள்ளே போகும் இடத்துக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும்: வோல்ற், ஹேர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்ற எண்), வாற். செற் வீட்டில் பாடுமா புகைக்குமா என்பதை அந்த மூன்றும் சொல்லிவிடும்.

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் கைமாறும் செற்றுகளில் கொழும்பு வழியாக வந்த ஜப்பான் சாமான் உண்டு. ஐரோப்பாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர் பெட்டியில் போட்டு அனுப்பியதும் உண்டு. நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். சுவிஸ், ஜெர்மனியிலும் அதுவே. அங்கிருந்து வந்ததற்குப் பிளக்கை மாற்றினால் காணும். கனடா 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஜப்பான் 100 வோல்ற்; அந்த நாட்டின் கிழக்குப் பாதி 50 ஹேர்ட்ஸ், மேற்குப் பாதி 60. ஆகவே ஜப்பான் தகட்டில் பெரும்பாலும் '50/60' என்று இரண்டும் இருக்கும்.

100 வோல்ற் செற்றை 230இல் செருகினால் என்ன நடக்கும்? 'கூடக் கரண்ட் போகும்' என்பது பாதி விளக்கம். உள்ளே இருக்கும் ரான்ஸ்போமரின் இரும்புக் கருவுக்கு இவ்வளவு காந்தத்தைத்தான் தாங்கலாம் என்று ஒரு எல்லை உண்டு. அந்தக் காந்தத்தின் அளவு, வோல்ற்றை ஹேர்ட்ஸால் வகுத்த விகிதத்தைப் பொறுத்தது. வோல்ற் 2.3 மடங்காகும்போது கரு நிறைந்துவிடுகிறது. நிறைந்த கரு மின்னோட்டத்தை எதிர்த்து நிற்காது. செப்புச் சுருளின் சின்னத் தடை மட்டுமே மிஞ்சும். நல்ல பியூஸ் இருந்தால் அந்தக் கணமே போய்விடும். முன்பு யாரோ பியூஸுக்குப் பதிலாகக் கம்பி சுற்றி வைத்திருந்தால் சுருள் கருகும். அதற்கிடையில் மறுபக்கத்திலும் வோல்ற் ஏறி, 50 வோல்ற் தாங்கும் பெரிய கொள்ளளவிகள் (மின்னைத் தேக்கி வைக்கும் கப்பாசிற்றர்கள்) ஊதி வெடிக்கும். கனடாச் செற்றில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வோல்ற்றை 120க்கு இறக்கிக் கொடுத்தாலும் நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்தான். தகட்டில் '60' மட்டும் போட்டிருந்தால் கருவில் காந்தம் 20 வீதம் கூடுகிறது. சில செற்றுகள் அதைத் தாங்கும்; சில 'ஊம்' என்று இரைந்து சுடும். அரை மணித்தியாலம் ஓடவிட்டு மூடியில் கை வைத்துப் பாருங்கள்.

ஏற்றுமதிக்கென்று செய்த மொடல்களில் பின்பக்கத்தில் 110, 127, 220, 240 என்று திருப்பும் ஒரு தெரிவு இருக்கும். அது கிடைத்தால் அதிர்ஷ்டம். 240இல் வையுங்கள்.

இல்லாவிட்டால் வோல்ற் இறக்கும் ரான்ஸ்போமர் வேண்டும். தகட்டில் 180 வாற் என்றிருந்தால் 300க்குக் குறையாமல் வாங்குங்கள். மலிவுப் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் எண் பெருந்தன்மையானது. கவனிக்கவேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. சிலவற்றில் ஒரே சுருள்தான். நடுவில் ஒரு கிளை எடுத்து 100 வோல்ற் கொடுப்பார்கள். அந்தச் சுருளின் கீழ்ப்பகுதி எங்காவது அறுந்தால் 230 பக்கம் நேரே செற்றுக்குள் போகும். உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் தனித்தனிச் சுருள் உள்ள வகையில் அந்த ஆபத்து இல்லை. விலையும் பாரமும் கூட. மெயின் 250க்கு ஏறினால் இறக்கிய பக்கமும் 108.7க்கு ஏறும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். ஊர்க்கோடியில், லைன் முடியும் இடத்தில் இருக்கும் வீடுகளில் மாலையில் வோல்ற் விழுவதும் கரண்ட் போய் வரும்போது துள்ளுவதும் புதினமல்ல. கரண்ட் போனால் உடனே பிளக்கைக் கழற்றிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துச் செருகுவதே மலிவான பாதுகாப்பு.

பல வருடம் சும்மா கிடந்த செற்றை நேரே மெயினில் செருகிப் பார்க்கவே கூடாது. பழைய இழைக் குண்டு பல்ப், 60 அல்லது 100 வாற், ஒன்று தேடுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. ஒரு ஹோல்டரில் மாட்டி, மெயினின் லைவ் கம்பியைப் பல்ப் ஊடாகச் செற்றுக்கு, அதாவது தொடராக, விடுங்கள். 100 வோல்ற் செற்றென்றால் பல்ப் வோல்ற் இறக்கும் ரான்ஸ்போமருக்கு முன்னால் வரவேண்டும். ஸ்பீக்கர் ஒன்றும் பூட்டவேண்டாம். சுவிச்சைப் போட்டதும் பல்ப் ஒருமுறை பளிச்சென்று எரிந்து, ஒன்றிரண்டு நொடிக்குள் மங்கினால் நல்லது: கொள்ளளவிகள் நிரம்பும்வரை ஓட்டம் இழுத்து, பிறகு அடங்கிவிட்டன. பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே எங்கோ ஷோர்ட். அப்போது பல்ப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், செற் தப்பும். இந்த ஒரு பல்ப் எத்தனையோ செற்றைக் காப்பாற்றும் சாமான். ஆனால் கம்பி இணைப்புகளைச் சரியாக மூடி ரேப் சுற்றத் தெரியாதவர் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்விக்கவேண்டும். மூடியைக் கழற்றுவதும் அப்படியே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கொள்ளளவிகளில் மின் தேங்கி நிற்கும்.

பல்ப் மங்கினால் அடுத்தது மல்ரிமீற்றர். டிசி 200 மில்லிவோல்ற் அளவுக்குத் திருப்பி, ஸ்பீக்கர் பூட்டும் இரண்டு முனையிலும் வையுங்கள். வொலியூம் பூச்சியத்தில், பாட்டு எதுவும் ஓடாமல். ஸ்பீக்கருக்கு வேண்டியது முன்னும் பின்னும் ஆட்டும் ஏசி மட்டுமே. ஒரே திசையில் ஓடும் டிசி போனால் கோனை, அதாவது ஸ்பீக்கரின் முன்னால் ஆடும் கூம்பை, ஒரு பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் உள்ள செப்புச் சுருளைச் சூடாக்கும். 50 மில்லிவோல்ற்றுக்குள் இருந்தால் பயமில்லை. 100ஐத் தாண்டினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மீற்றரின் அளவைக் கூட்டிப் பார்க்கும்போது பல வோல்ற் காட்டினால் வெளியீட்டு ரான்சிஸ்ரர் போயிருக்கக்கூடும். அந்த அம்பிளிபயரில் ஸ்பீக்கரைப் பூட்டினால் ஸ்பீக்கரும் கூடவே போகும்.

வாற் என்ற எண்ணுக்கு வருவோம். '1000 வாற் பிஎம்பிஓ' (ஒரு கணத்துக்கு மட்டும் எட்டும் உச்சம் என்று சொல்லப்படும் எண்) என்று முன்னால் பெரிதாக ஒட்டியிருக்கும். திருப்பினால் மின்நுகர்வு 60 வாற். உள்ளே போவதே அறுபதென்றால் வெளியே ஆயிரம் எங்கிருந்து தொடர்ந்து வரும்? கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டுகிறவருக்கு வாற் வேண்டும். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். 1 வாற் கொடுத்தால் 1 மீற்றரில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 10 வாற்றில் 97 தரும். வாற்றை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வாற் தேவை. தொண்ணூறுகளில் கரண்டும் இல்லாமல் பற்றரியும் தடைப்பட்டிருந்த வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றியே றேடியோவும் கசெற்றும் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற் சாமான். அந்தக் கணக்கைத் தெரிந்த ஊருக்கு ஆயிரம் வாற் கதை சொல்லக்கூடாது.

றிசீவர், அதாவது றேடியோவும் அம்பிளிபயரும் ஒன்றாக உள்ள செற், என்றால் டயலையும் ஒருக்கால் பாருங்கள். பழைய ஜப்பான் உள்ளூர் மொடல்களின் எஃப்எம் பெரும்பாலும் 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். இங்கே நிலையங்கள் 88க்கும் 108க்கும் இடையில். அடியில் உள்ள இரண்டு மெகாஹேர்ட்ஸ் மட்டுமே அகப்படும். கசெற் டெக் என்றால், மோட்டார் சத்தம் கேட்டும் சில்லுச் சுற்றாவிட்டால் பெல்ற் உருகித் தார் போல ஒட்டியிருக்கும்; பெல்ற் மலிவு, அதைச் சுரண்டித் துடைப்பதுதான் வேலை. வொலியூம் திருப்பும்போது கரகரத்தால் குமிழை முப்பது தடவை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் உருட்டுங்கள், பாதி வருத்தம் அதிலேயே மாறும்.

ஸ்பீக்கர் பெட்டிதான் பெரிய சூது. முன்துணியைக் கழற்றிப் பார்க்க விடாத இடத்தில் வாங்கவேண்டாம். கோனின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும்: ரப்பர், துணி, அல்லது ஸ்பொஞ்ச் போன்ற போம். ரப்பரும் துணியும் நெடுங்காலம் நிற்கும். போம் காற்றின் ஈரப்பதத்தோடு வேதிவினைப்பட்டு உள்ளிருந்தே உக்கும். மார்கழி மழையும் ஆவணிப் புழுதியும் மாறிமாறி அடிக்கும் ஊரில் அது பத்துப் பதினைந்து வருடம் போனால் பெரிய விஷயம். விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். துணிக்கை துணிக்கையாகக் கொட்டினாலோ பிசுபிசுத்தாலோ முடிந்தது. ஆனால் பெட்டியைத் தூக்கி எறியத் தேவையில்லை. புதிய வளையம் ஒட்டலாம். இரண்டு பெட்டிக்கும் ஒன்றாக.

ஒட்டினாலும் பயனுண்டா என்பதைச் சுருள்தான் சொல்லும். நான்கு விரலையும் கோனில் சமனாக வைத்து மூன்று நான்கு மில்லிமீற்றர் அமுக்கி விடுங்கள். வழுக்கிக்கொண்டு போய்வந்தால் நல்லது. 'சர்' என்று உரசினால் சுருள் சூட்டில் நெளிந்திருக்கிறது. பிறகு மீற்றரை ஓமுக்கு மாற்றுங்கள். 8 ஓம் என்று எழுதிய பெட்டி மீற்றரில் ஆறு அளவுக்குக் காட்டும், 4 ஓம் பெட்டி மூன்றரை அளவுக்கு. மீற்றர் அளப்பது செப்புக் கம்பியின் டிசி தடையை மட்டும். எழுதியிருப்பது ஏசிக்கான மொத்த எதிர்ப்பு. எண் குறைவென்று விற்பவரோடு சண்டைபிடிக்கவேண்டாம். எண்ணே வராவிட்டால் சண்டைபிடிக்கலாம்.

சட்டைப்பையில் ஒரு 1.5 வோல்ற் பற்றரி இருக்கட்டும். பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டெடுத்தால் கோன் முன்னால் துள்ளவேண்டும். இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் துள்ளவேண்டும் என்பது அதைவிட முக்கியம். சில பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்கள் எதிர்மாறாகத் துள்ளும். சோடி ஒன்றானால் பிழையில்லை. ஒன்று முன்னும் மற்றது பின்னும் போனால், ஒன்று தள்ளும் காற்றை மற்றது இழுத்துவிடும். மத்தளமும் தவிலும் காணாமல் போகும். வீட்டில் பூட்டியபின் பாஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்று தெரியாவிட்டால், ஒரு பெட்டியில் மட்டும் இரண்டு கம்பியையும் இடம் மாற்றுங்கள்.

கம்பி விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் மந்திரமெல்லாம் வேண்டாம், கணக்கு இருக்கிறது. 10 மீற்றர் தூரத்துக்குப் போக வர 20 மீற்றர் செப்பு. 0.5 சதுர மில்லிமீற்றர் கம்பியானால் தடை 0.69 ஓம், 1.5 ஆனால் 0.23. ஸ்பீக்கரின் ஓமில் 5 வீதத்துக்குள், அதாவது 8 ஓமுக்கு 0.4க்குள், நின்றால் போதும். சாதாரண வீட்டு வயரிங் செய்யும் 1.5 செப்புக் கம்பி தாராளம். செப்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், தடையும் கூட.

இனி அறை. வீட்டுத்திட்ட வீட்டில் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீமெந்துக் கல் சுவர், சீமெந்துத் தரை. நமது வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீற்றர் ஓடும். எதிரெதிர்ச் சுவருக்கு இடையில் 3.05 மீற்றர். அலைநீளத்தின் பாதி அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் ஒலி 57 ஹேர்ட்ஸ். அது சுவருக்குச் சுவர் மோதித் தன்மேல் தானே ஏறிப் பெருக்கும். நீளமும் அகலமும் ஒன்றென்பதால் இரண்டு திசையும் அதே 57இல் பெருக்கும். சில பாட்டில் ஒரு பாஸ் சுரம் மட்டும் 'உம்' என்று வீங்குவது செற்றின் பிழையல்ல. சுவரோரம் அது கூடுதல், அறை நடுவில் குறைவு. ஆகவே கதிரையைப் பின்சுவரோடு ஒட்டாதீர்கள். பெட்டிகளை மூலைக்குள் தள்ளாமல் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னால் கொண்டுவாருங்கள். சுவரில் பாய் தொங்கவிட்டால் 57க்கு ஒன்றும் ஆகாது, அதன் அலைநீளம் 6 மீற்றர். ஆனால் கைதட்டும்போது வரும் 'ட்ரிங்' என்ற எதிரொலியைத் தடித்த மெத்தையும் துணியும் அடக்கும். அறுவடை முடிந்து நெல்மூட்டை அடுக்கிய அறையில் பாட்டு அவ்வளவு தெளிவாகக் கேட்பதும் அதனால்தான். தகரக் கூரையின் கிறுகிறுப்புக்கு மட்டும் ஆணிகளை இறுக்குவதைத் தவிர வேறு மருந்தில்லை.

பெட்டிக்கு ஸ்ராண்ட் வாங்கக் காசை விடவேண்டாம். சீமெந்துக் கல் அடுக்கலாம். கூரிய ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ருவீற்றர் உங்கள் காதின் உயரத்துக்கு வரும்வரை. பாயில் இருந்து கேட்கிறவருக்கு ஒரு கல், கதிரையில் இருப்பவருக்கு இரண்டு மூன்று. ஒரு கயிறெடுத்து இரண்டு பெட்டிக்கும் இடையே அளந்து, அதே கயிற்றால் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் தலைக்கு அளங்கள். மூன்றும் ஒன்றானால் பாடகர் நடுவில் வந்து நிற்பார்.

கடைசியாக, பெட்டியில் உருண்டைத் துவாரம் இருந்தால் அதற்குள் ரோர்ச் அடித்துப் பாருங்கள். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஒரு சுரம் வருமே, அந்தக் குழாய் செய்வதும் அதுதான்: உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில்லாகவும், குழாயில் நிற்கும் காற்று அதில் ஆடும் பாரமாகவும் சேர்ந்து பாஸைத் தூக்குகிறது. அந்தக் குழாயை வன்னியில் மனிதரைவிடக் கூடுதலாக விரும்புவது குளவி. மண் கொண்டுவந்து பாதியை அடைத்துவிட்டால் சுரம் கீழே இறங்கி, பாஸ் சொதசொதத்துப் போகும். கூட்டைக் குச்சியால் உள்ளே குத்தினால் மண்ணெல்லாம் பெட்டிக்குள் விழுந்து, ஒவ்வொரு தவில் அடிக்கும் கலகலக்கும். பெட்டியைச் சரித்து, துவாரம் நிலத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து உடைத்துக் கொட்டுங்கள். பாட்டுக் கேட்காத நாட்களில் துவாரத்தின் வாயில் ஒரு வலைத் துணியை றப்பர்பாண்ட் போட்டுக் கட்டிவிடலாம்.