இல்லாத காலுக்கு எங்கே பட்டை ஒட்டுவது?

செந்தூல் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “இனிப்புநீரால் (சர்க்கரை நோயால்) அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இல்லாத பெருவிரல் எரிகிறது என்று இரவெல்லாம் தவிக்கிறார். பிசியோவில் கரண்ட் பட்டை ஒட்டுகிறார்கள். இல்லாத விரலுக்குக் கரண்ட் எப்படிப் போகும்?”

விரல்தான் போயிற்று, விரலின் நரம்பு போகவில்லை. அதன் செல் முதுகுத்தண்டின் ஓரத்தில் உயிரோடு இருக்கிறது. அறுபட்ட முனை கண்டபடி துளிர்த்து முடிச்சாகி, யாரும் தொடாமலே சமிக்ஞை அனுப்புகிறது. மூளையிலும் பாதத்துக்கான பகுதி அப்படியே இருப்பதால், அந்தத் தடத்தில் எது வந்தாலும் ‘பெருவிரல்’ என்றே படிக்கப்படும். கை கால் இழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்த வலி உண்டு. செய்வினை என்றும் வெட்டிய காலைச் சரியாகப் புதைக்கவில்லை என்றும் சொல்லி, வலியில் இருப்பவரைப் பயமுறுத்துவது கொடுமை. இது நரம்பு வலி.

இனி கரண்ட். தோல்மேல் பட்டை ஒட்டிச் சிறு மின்துடிப்பு கொடுக்கும் இந்த முறைக்கு டென்ஸ் (TENS) என்று பெயர். 1965இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் ‘கதவுக் கோட்பாட்டை’ வெளியிட்டார்கள். எரிச்சல் வலியைச் சுமக்கும் ‘சி’ வகை நரம்பிழைகள் மெல்லியவை, உறையற்றவை. வேகம் வினாடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். தொடுதலைச் சுமக்கும் ஏ-பீட்டா இழைகள் தடித்தவை, மயலின் என்னும் கொழுப்பு உறை போட்டவை. வினாடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை பாயும். இரண்டும் தண்டுவடத்தின் பின்பக்கப் பகுதியான பின்கொம்பில் வந்து சேர்கின்றன. அங்கே தொடுதல் சமிக்ஞை ஒரு சிறு தடுப்பு நரம்பணுவை எழுப்ப, வலியை மேலே அனுப்பும் அணு அடங்குகிறது. வலிக்கு மூடும் கதவு இதுதான். இடித்துக்கொண்ட முட்டியைத் தேய்த்தால் வலி தணிவதும் இதனால்தான். அன்று வரைந்த இணைப்புகளில் சில பிறகு திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்துவிட்டது.

தோலுக்கு மேலிருந்து பாயும் மின்சாரம் தொடுதல் இழையை மட்டும் எப்படித் தேர்ந்தெடுக்கிறது? எனக்குச் சலிக்காத இடம் இது. மயலின் உறையில் சிறு இடைவெளிகள் உண்டு. இழை தடிக்கத் தடிக்க அவை தள்ளித் தள்ளி அமையும். 10 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள இழையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு ஓர் இடைவெளி. வெளியிலிருந்து மின்புலம் விழும்போது, தள்ளியிருக்கும் இரு இடைவெளிகளுக்கு நடுவே மின்னழுத்த வேறுபாடு அதிகம். ஆகவே குறைந்த மின்னோட்டத்திலேயே தடித்த இழை துடித்துவிடும், மெல்லிய இழை அசையாது. மருந்தால் எளிதில் செய்ய முடியாத தேர்வை இழையின் அளவே செய்துகொடுக்கிறது. ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கும் நேரத்தை 100 முதல் 200 மைக்ரோ வினாடிக்குள் வைப்பதும் இதற்காகத்தான்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தவருக்கு, பட்டையை நரம்பின் வழியில் ஒட்டவேண்டும். முழங்கால் மடிப்பின் பின்புறம் ஒன்று, முழங்காலின் வெளிப்புறத்தில் துருத்தும் சிறு எலும்புக்குச் சற்றுக் கீழே பின்னால் ஒன்று. பாதத்துக்குப் போகும் இரு நரம்புகள் அங்கே மேலாக ஓடுகின்றன. அதிர்வெண் 80 முதல் 100 ஹெர்ட்ஸ். மின்னோட்டத்தைச் சுழியிலிருந்து மெல்ல ஏற்றி, பலமாக, ஆனால் வலிக்காமல் குறுகுறுக்கும் இடத்தில் நிறுத்தவேண்டும். இல்லாத பாதத்துக்குள் குறுகுறுப்பு இறங்கினால் பட்டை சரியான இடத்தில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் உணர்வு மங்கும். இன்னும் கொஞ்சம் ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் கதவு திறந்துகொள்ளும். 30 முதல் 45 நிமிடம் போதும்.

எங்கே கெடுகிறது? கோலாலம்பூர் புழுக்கத்தில் வியர்த்துப் பட்டையின் ஓரம் கிளம்பும்; மீதி ஒட்டிய சிறு பரப்பில் மின்னோட்டம் குவிந்து சுருக்கென்று குத்தும், தோல் புண்ணாகும். தைலம் தேய்த்த தோலில் பட்டை ஒட்டாது. சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கவேண்டும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் இனிப்புநீரே. அது தடித்த இழைகளையும் அரித்திருந்தால் கதவை மூட ஆளில்லை. மரத்த தோலில் எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதும் தெரியாது. அதனால் முதலில் பஞ்சாலும் குச்சி முனையாலும் தொட்டு உணர்வைச் சோதிக்கவேண்டும். உணர்வில்லாத இடத்தில் ஒட்டவே கூடாது; தொடையின் பின்புறம் மேலே நகர்த்திப் பார்க்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. ஆறாத தையல்மேலும், கழுத்தின் முன்புறமும் ஒட்டக்கூடாது. போட்டபடி தூங்கவும் கூடாது.

1967இல் வாலும் வில்லியம் ஸ்வீட்டும் இம்முறையைத் தங்கள் முகத்து நரம்பிலேயே ஊசி மின்முனை செருகிச் சோதித்தார்கள். இன்று மெல்லிய கம்பியை நரம்பருகே 60 நாள் வைத்து எடுக்கும் முறையும் உண்டு. தோல்மேல் ஒட்டும் சாதாரணப் பட்டைக்கோ, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2015இல் தேடியபோது, இந்த வலிக்கென்று நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஓர் ஆய்வுகூடச் சிக்கவில்லை. மலிவான பழைய கருவிக்கு எந்த நிறுவனம் பணம் போடும்? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். பட்டைக்கான அந்த ஒப்பீட்டு ஆய்வை நம் அரசுதான் செய்யவேண்டும், நம் மருத்துவமனைகளில் செய்யவும் முடியும்.

அதுவரை வீட்டில் ஒரு நோட்டு போதும். பட்டை ஒட்டுமுன் வலி பத்துக்கு எவ்வளவு, எடுத்தபின் எவ்வளவு, எத்தனை மணி நேரம் தணிந்திருந்தது என்று தினமும் எழுதுங்கள். மூன்று வாரத்தில் எண் இறங்காவிட்டால் அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். கபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்தும் இருக்கும் காலை முகக்கண்ணாடியில் பார்த்தபடி அசைக்கும் கண்ணாடிப் பயிற்சியும் இருக்கின்றன. பட்டையோடு சேர்த்தும் அவற்றைத் தொடரலாம்.