வேர் வருவதற்கு முன் நுளம்பு வந்துவிடும்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி, மூன்றாம் மாடி வீடு. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக டெங்குப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். குளியலறை வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பல்கனி எல்லாம் துப்புரவாக இருந்தன. குசினி யன்னல் ஓரத்தில் நாலு ஜாம் போத்தல்கள், நாலிலும் மணி பிளான்ட் தண்டு. டோர்ச்சை ஒரு போத்தலில் பிடித்துப் பார்த்தேன். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு குடம்பிகள் (நுளம்பின் புழுக்கள்), வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "தம்பி, நான் ஒரு நாளும் தண்ணி வத்த விடுறதில்லை. குறையக் குறைய ஊத்தி நிரப்பித்தான் வைக்கிறனான்" என்றார்.

செடிக்கு அது நல்லது. நுளம்புக்கு அதைவிட நல்லது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்டை நுளம்பு தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, போத்தலின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு, கறுப்பு நிறம். கண்ணாடியில் படிந்த ஊத்தை என்றுதான் நினைப்போம். காய்ந்து கிடந்தாலும் மாதக் கணக்கில் அவற்றுக்கு உயிர் இருக்கும். தண்ணீர் ஏறி மூடினால் பொரித்துவிடும். குறைந்த தண்ணீரை நாம் நிரப்பும்போது நடப்பது இதுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொழும்பு வெக்கையில் முட்டை பொரித்துக் குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க எட்டுப் பத்து நாள் போதும். சில வேளை ஒரு வாரத்திலேயே முடிந்துவிடும். மணி பிளான்ட் தண்டு மண்ணில் வைக்கிற அளவுக்கு வேர் விட இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதனால் வேருக்காகக் காத்திருக்கிற காலத்தில் ஒரு தலைமுறை நுளம்பு தாராளமாகப் பறந்துவிடலாம். அதுவும் வீட்டுக்குள்ளேயே, நாம் இருக்கிற அறையிலேயே.

இதற்காகச் செடி வளர்ப்பதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை. முற்றமில்லாத கொழும்பு வீட்டில் ஒரு பச்சை இலை தருகிற ஆறுதல் எனக்கும் தெரியும். என் வீட்டிலும் தண்டு வைக்கிறோம். தண்ணீரை வாரத்தில் இரண்டு தரம், புதனும் ஞாயிறும் மாற்றுவோம். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. தண்டை வெளியே எடுத்து, ஓடும் குழாயில் பிடித்து விரலால் மெதுவாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை தண்டிலும் வேரிலும்கூட ஒட்டியிருக்கும். பிறகு போத்தல் பிரஷில் சவர்க்காரம் போட்டு, முக்கியமாக நீர்மட்டக் கோடு இருந்த இடத்தையும் அதற்கு மேலேயும் அழுத்தித் தேய்க்க வேண்டும். குடம்பி கண்ட தண்ணீரைக் கானுக்குள் ஊற்றாதீர்கள், அங்கே தண்ணீர் தேங்கியிருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். வெயில் படும் காய்ந்த நிலத்தில் ஊற்றுங்கள். போத்தலின் வாய் ஒடுக்கமாக இருந்தால் தண்டைச் சுற்றிப் பஞ்சை இறுக்கமாக அடைத்துவிடலாம். இடைவெளி இல்லாவிட்டால் நுளம்பு உள்ளே போகாது.

தண்டு சீக்கிரம் வேர் விட்டால் போத்தலின் வேலையும் சீக்கிரம் முடியும். வேர் கணுவில் இருந்துதான் வரும். மணி பிளான்ட் கணுவில் பழுப்பாக ஒரு சிறு முனை தெரியும், அதற்குக் கீழே ஒரு விரலளவு விட்டு வெட்டுங்கள். கணு இல்லாத காம்பும் இலையும் மாதக் கணக்கில் பச்சையாக நிற்கும், புதுத் தளிர் வராது. கணு தண்ணீருக்குள் இருக்க வேண்டும், இலை இருக்கக் கூடாது. மூழ்கிய இலை அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், அந்த அழுகலைத் தின்றே குடம்பி வளரும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். தண்ணீரில் வளர்ந்த வேருக்கு மண் பழக வேண்டும், அதனால் முதல் இரண்டு வாரம் மண் காயக் கூடாது. சட்டிக்குக் கீழே வைக்கிற தட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் தேங்குவதும் தண்ணீர்தான்.

கற்பூரவள்ளி, குரோட்டன் போன்றவற்றுக்குப் போத்தலே தேவையில்லை. அடியில் துவாரமுள்ள சட்டியில் ஈர மணலில் குத்திவைத்தால் வேர் விடும். கடைகளிலும் சலூன்களிலும் வைத்திருக்கிற லக்கி பாம்பூ, சாமியறைக் கும்பம், மாதா சொரூபத்தின் முன்னுள்ள பூச்சாடி, இவற்றுக்கும் அதே புதனும் ஞாயிறும்தான்.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, நுளம்பு பெருக இடம் வைத்தால் வீட்டில் இருப்பவர் பொறுப்புச் சொல்ல வேண்டும். ஆனால் என்னைப் பதறவைப்பது 2017. அந்த ஒரே வருடத்தில் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு, 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டு யன்னலிலும் போத்தலைக் கண்டால் கிட்டப் போய்ப் பார்க்காமல் என்னால் வர முடிவதில்லை.

அந்த அம்மா அன்றே நாலு தண்டையும் மண்ணில் வைத்துவிட்டு, போத்தல்களைக் கழுவாமல் அலுமாரிக்குள் வைக்கப் போனார். அவற்றை வாங்கிச் சுவரைத் தேய்த்துக் காட்டினேன். அப்படியே விட்டிருந்தால் அடுத்த மாதம் இன்னொரு தண்டு வைக்க அவற்றையே எடுத்துத் தண்ணீர் ஊற்றியிருப்பார், காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த முட்டைகள் அன்றைக்கே பொரிக்கத் தொடங்கியிருக்கும்.