சூச்சர்: தையலும் தையலிழையும்

ஆபரேஷன் தியேட்டரில் 'சூச்சர்' ஒரே சொல், பொருள் இரண்டு. புண்ணின் ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதும் சூச்சர். தைக்கும் இழையும் சூச்சர்.

லத்தீனில் 'சுவெரே' என்றால் தைத்தல். அதில் பிறந்த 'சூதூரா'தான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. சமஸ்கிருதத்தின் 'சீவ்' என்ற வேர் அதற்கு உறவு. சுசுருத சம்ஹிதை எண்ணும் எட்டு அறுவை முறைகளில் 'சீவ்யம்' ஒன்று.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில் பரணர், செங்குட்டுவனின் வீரர்களுடைய மார்பைப் பாடுகிறார்: 'சிரல் பெயர்ந்தன்ன நெடுவெள் ஊசி நெடுவசி பரந்த வடுவாழ் மார்பின்'. சிரல் என்பது மீன்கொத்தி. குளத்தில் மூழ்கி மீனோடு எழும் அந்தப் பறவையைப் போல, நீண்ட வெள்ளை ஊசி புண்ணுக்குள் இறங்கி வெளியே வருகிறது. அறுவை அறையில் நிற்பவர் யாரும் இந்த வரியை ஒருமுறை படித்தால் மறக்க மாட்டார்.

ஆகவே செயலுக்குத் 'தையல்', பொருளுக்குத் 'தையலிழை'. 'நூல்' என்றால் பஞ்சுதான் நினைவுக்கு வரும். ஆனால் கேட்கட் என்ற இழை ஆடு, மாடுகளின் குடலிலிருந்து செய்தது, விக்ரில் என்ற இழை செயற்கைப் பலபடி (பாலிமர்). சென்னை ஆஸ்பத்திரி வார்டுகளில் "கரையுற தையலா, பிரிக்கிற தையலா?" என்று கேட்பார்கள். எவ்வளவு துல்லியமான பிரிவு! விக்ரில் உடலுக்குள் முழுதாகக் கரைய 56 முதல் 70 நாள் ஆகும். நைலான் தோலில் இருந்தால் பிரித்தே ஆக வேண்டும்.

லேப்ராஸ்கோப்பி, அதாவது நுண்துளை அறுவை என்றதும் "தையலே கிடையாதாம்" என்பார்கள். அது சரியல்ல. இதில் வயிற்றைத் துளைக்கும் கருவியான ட்ரோகாரின் பெயர் 'மூன்று முகம்' என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவில் முனை முப்பட்டையானது. 'துளையூசி' எனலாம். 5 மி.மீ. துளைக்குப் பெரும்பாலும் தோலைச் சேர்த்தால் போதும். 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் தோலுக்கடியில் உள்ள தசையுறையையும் தைப்பது வழக்கம். விட்டால் பின்னாளில் அந்த வழியே குடல் பிதுங்கலாம்.

உள்ளே தைப்பதற்கு நீடில் ஹோல்டர், தமிழில் 'ஊசிப்பிடி'. நீண்ட தண்டு வயிற்றுச் சுவரை நெம்புமையமாகக் கொண்டு அசைவதால், கை இடப்பக்கம் போனால் முனை வலப்பக்கம் போகும். திரையைப் பார்த்தே இதைப் பழக வேண்டும். முடிச்சை வயிற்றுக்குள்ளேயே போட்டால் 'உள்முடிச்சு'. வெளியே போட்டு 'முடிச்சுத்தள்ளி'யால் உள்ளே இறக்கினால் 'வெளிமுடிச்சு'. நீளமெங்கும் சிறு முட்கள் கொண்ட இழை திசுவைத் தானே பற்றிக்கொள்ளும், முடிச்சு வேண்டாம். அதை 'முள்ளிழை' என்று நான் எழுதுகிறேன். ஸ்டேப்ளரைத் தையல் என்று சொல்ல வேண்டாம். "பின் அடிச்சிருக்காங்க" என்று மக்கள் சொல்வதே சரி.