மம்பட்டி பிடித்த கைக்கு மைதானத்தில் என்ன தெரியும்?

சோழவந்தான், வாடிப்பட்டி பக்கத்து மாணவர்கள் பலருக்கு சனி, ஞாயிறு ஓய்வு நாள் கிடையாது. பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டால் வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. இரண்டு நாள் வயலில் நின்ற பையன் திங்கட்கிழமை மதுரைக்கு பஸ் ஏறுகிறான், சாயங்காலம் கல்லூரி மைதானத்தில் கபடிக்கு நிற்கிறான். "வயக்காட்டுப் பிள்ளை, உடம்பு கெட்டி" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த வரி போதவில்லை. அந்த உடம்புக்குள் நடந்திருப்பது பெரும்பாலும் படிப்பு. அது எப்படி நடக்கிறது என்று உடலியலும் நரம்பியலும் நிறையவே கண்டுபிடித்து வைத்திருக்கின்றன.

வரப்பு வெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். மம்பட்டியை ஓங்கி இறக்கும்போது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் மண் ஒன்றுபோல இருக்காது. ஓரிடத்தில் ஈரம், அடுத்த அடியில் கோரைக்கிழங்கு, அப்புறம் ஒரு நண்டு வளை. ஆனால் பழகினவர் வெட்டி முடித்த வரப்பு நூல் பிடித்த மாதிரி இருக்கும். கை ஒரே அசைவை அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் இந்த ஒழுங்கு வருகிறது என்று தோன்றும். 1920-களில் மாஸ்கோவில் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் கையில் சிறிய விளக்குகளைப் பொருத்தி, ஒவ்வோர் அடியின் பாதையையும் படமெடுத்தார். சுத்தியல் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன பாதை மட்டும் அடிக்கு அடி மாறியது. தோள் கொஞ்சம் கூடுதலாகப் போனால் மணிக்கட்டு அதைச் சரிக்கட்டியது. தேர்ந்த கைக்கு ஒரே முடிவைப் பல வழிகளில் எட்டத் தெரியும் என்பதை அவருடைய படங்கள் காட்டின.

இந்தச் சரிக்கட்டலில் பெரும் பங்கு சிறுமூளைக்கு. பின்மண்டையில் இருக்கும் இந்தச் சிறிய உறுப்பு மூளையின் எடையில் ஏறத்தாழ 10-ல் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்பணுக்களில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கின்றன. கை அசையத் தொடங்கும்போதே, மம்பட்டி இறங்கினால் எவ்வளவு அதிரும், எவ்வளவு ஆழம் போகும் என்று இது கணித்து வைத்துவிடுகிறது. தோலும் தசையும் மூட்டுகளும் உண்மையில் நடந்ததைத் தெரிவிக்கின்றன. கணிப்பும் நடப்பும் பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி ஒன்று சிறுமூளையில் இருக்கும் பர்கிஞ்சி என்ற பெரிய நரம்பணுக்களுக்குப் போகிறது. அந்தப் பிழைக்குக் காரணமான நரம்பு இணைப்புகள் கொஞ்சம் வலுவிழக்கின்றன, அடுத்த வெட்டு சிறிது மாறுகிறது. ஆகவே பிழையே வராத வேலையில் சிறுமூளை கற்பதற்கு ஒன்றும் இல்லை. மண் மாறிக்கொண்டே இருப்பது வேலைக்குத் தொல்லை, கைக்கு நல்லது.

இதை மைதானத்துக்குக் கொண்டுபோக 1978-ல் வெளியான கெர், பூத் இருவரின் சோதனை உதவும். 8 வயதுப் பிள்ளைகள் ஒரு சிறு பையை இலக்கில் எறிய வேண்டும். ஒரு குழு 3 அடி தூரத்திலிருந்தே எறிந்து பழகியது. இன்னொரு குழு 2 அடியிலிருந்தும் 4 அடியிலிருந்தும் மாற்றி மாற்றிப் பழகியது. 3 அடியில் எறியவே இல்லை. கடைசியில் இரு குழுக்களையும் 3 அடியில் நிறுத்திச் சோதித்தார்கள். இரண்டாவது குழுதான் நன்றாக எறிந்தது. அடுத்த ஆண்டு ஷியா, மார்கன் செய்த சோதனை இன்னொன்றைக் காட்டியது. பல அசைவுகளைக் கலந்து பழகுபவர்கள் பயிற்சியின்போது திணறுகிறார்கள், ஆனால் சில நாள் கழித்துப் பார்த்தால் அவர்களிடம்தான் அதிகம் தங்கியிருக்கிறது.

நம் கல்லூரி மைதானங்களில் இன்னும் ஒரே இடத்தில் நின்று ஒரே சர்வீஸை நூறு முறை போடச் சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நூறாவது சர்வீஸ் அழகாக விழும், பயிற்சியாளருக்கும் நிறைவாக இருக்கும். அடுத்த வாரம் காற்று அடிக்கும் மைதானத்தில் அது எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. வயலில் யாரும் திட்டமிடாமலே இந்தக் கலப்புப் பயிற்சி நடக்கிறது. மைதானத்தில் அதற்குத் திட்டம் போட்டாக வேண்டும்.

பலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுப்புக் காலத்தில் இரண்டு வாரம் கட்டுச் சுமந்த பையன் பார்க்க ஒல்லியாகவே இருப்பான், தூக்கும் எடை மட்டும் கூடியிருக்கும். முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் நரம்பால்தான். கூடுதல் தசை நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு இழுக்கவும், எதிராக இழுக்கும் தசையைத் தளர்த்தவும் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. தசை பெருப்பது அதற்குப் பிறகு வருவது.

முதல் நாள் நடவுக்குப் போனால் மறுநாள் தொடையின் பின்பக்கமும் இடுப்பும் பிடித்துக்கொள்வதற்கு லாக்டிக் அமிலம் காரணம் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். ஆனால் வேலை நின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் அந்த அமிலம் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. வலியோ 1 முதல் 3 நாளுக்குள் உச்சத்துக்கு வருகிறது. குனியும்போது அந்தத் தசைகள் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கின்றன. அப்படி நீளும்போது நார்களில் நுண்ணிய சேதமும் அதைத் தொடர்ந்து அழற்சியும் உண்டாகின்றன. அதே வேலையைச் சில வாரங்களுக்குள் மறுபடி செய்தால் வலி வெகுவாகக் குறைந்துவிடும். விடுமுறை முடிந்து முதல் நாளே மாணவர்களை முழு வேகத்தில் குந்தி எழச் சொல்லும் பயிற்சியாளர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

கையைப் போலக் கண்ணும் கற்கிறது. மதுரை மல்லியைப் பாருங்கள். அந்த மொட்டுகளை விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இறங்கிப் பறிக்கிறார்கள். செடியில் நேற்றைய மொட்டு, நாளைய மொட்டு எல்லாம் கலந்து கிடக்கும். அன்று சாயங்காலம் விரியப்போகும் மொட்டை மட்டும் விரல் தேடிக் கிள்ள வேண்டும். அம்மாவோடு போய்ப் பழகிய கல்லூரிப் பெண்ணிடம் எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால், "பார்த்தாலே தெரியுது அக்கா" என்பாள். பல்லாயிரம் மொட்டுகளைப் பார்த்ததில், எந்த நிறமும் எந்தப் பருமனும் முக்கியம் என்று கண்ணும் மூளையும் சேர்ந்து பிரித்துக்கொண்டன. அந்த விதி வாய்ச்சொல்லாக அவளிடம் இல்லை.

கபடியில் பாடி வருபவரைப் பிடிப்பதும் இதே வகைத் திறமை. கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடம்பு பதில் தர ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். கால் நீண்ட பிறகு குனிந்தால் கணுக்கால் போய்விட்டிருக்கும். தேர்ந்தவர் இடுப்பின் திருப்பத்தையும் ஊன்றிய காலில் எடை மாறுவதையும் பார்த்து முன்கூட்டியே நகர்கிறார். கிரிக்கெட்டில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். பந்து கையை விட்டுப் பிரியும் முன்பே வீடியோவை நிறுத்தி, எங்கே விழும் என்று கேட்டால், தேர்ந்த ஆட்டக்காரர்கள் புதியவர்களைவிடச் சரியாகச் சொல்கிறார்கள். ஆனால் மொட்டு தெரிந்த கண்ணுக்கு இடுப்பசைவு தானாகப் புரிந்துவிடாது. இந்த வகைக் கற்றல் எதில் பழகினோமோ அதோடு பெரும்பாலும் நின்றுவிடும். வயலில் உழைத்த பிள்ளைக்கு விளையாட்டு இயல்பாக வந்துவிடும் என்று நம்பி, பயிற்சி தராமல் விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

வயலும் மைதானமும் உண்மையாகவே பிரிவது பதில் வரும் நேரத்தில். மைதானத்தில் செய்ததற்குப் பதில் உடனே வந்துவிடும்: பந்து வளையத்தில் விழும் அல்லது வெளியே போகும். எதிர்பார்த்ததைவிட நல்லது நடந்தால் டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் சுரப்பு துள்ளும், அந்தச் செயலை ஏவிய இணைப்புகள் வலுப்படும். மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரயாட்டம் என்ற பகுதியில் இது நடக்கிறது. கரீன் ஃபோர்டேவும் டாஃப்னா ஷோஹாமியும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, பதில் சில வினாடி தாமதமானாலே கற்கும் வேலை நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பக்கம் சாய்வதைக் காட்டியது. வினாடிகளுக்கே இப்படி என்றால் வயலை நினைத்துப் பாருங்கள். மேலுரம் போட்டதற்கான பதில் கதிரில் தெரியப் பல வாரம் ஆகும். அதற்குள் மழை பெய்திருக்கும், பூச்சி வந்திருக்கும், மடைத் தண்ணீர் நின்றுபோயிருக்கும். எதனால் எது நடந்தது என்று அறிய, எப்போது என்ன செய்தோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும், பக்கத்து வயலோடு ஒப்பிட வேண்டும், "போன வருஷம் இந்தச் செய்யில் என்ன ஆச்சு?" என்று தாத்தாவிடம் கேட்க வேண்டும்.

யானைமலை அடிவாரத்தில் 1965-ல் தொடங்கிய மதுரை வேளாண் கல்லூரியின் மாணவர்கள் கடைசி ஆண்டில் கிராமங்களில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்கிறார்கள். பாடத்திட்டத்திலேயே மிக நல்ல பகுதி அதுதான் என்பது என் எண்ணம். தாமதமாக வரும் பதிலை வைத்துக் கற்பது தனிப் பழக்கம், அதை ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிட முடியாது. மற்றக் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு போகம் முழுக்க ஒரு வயலைப் பின்தொடரும் வாய்ப்பு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சேர்ந்து செய்வதற்கும் உடலில் ஒரு கணக்கு உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் துடுப்பு இயந்திரத்தில் ஒருநாள் தனியாகவும் ஒருநாள் குழுவாகவும் ஒரே அளவு உழைத்தார்கள். இரண்டு நாளும் உழைப்புக்குப் பிறகு வலி தாங்கும் அளவு கூடியது. குழுவாகச் செய்த நாளில் அது இன்னும் அதிகமாகக் கூடியிருந்தது. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்ஃபின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வரிசையாகக் குனிந்து ஒரே தாளத்தில் நாற்று ஊன்றி, நடுவே குலவை போடும் பெண்களை நினைத்துக்கொண்டே அந்த ஆய்வைப் படித்தேன்.

புதிதாக இறங்கும் பையன் காலையில் வேகமாக வெட்டுவான், பதினொரு மணிக்குள் ஓய்ந்துவிடுவான். பக்கத்தில் சித்தப்பா, "மெல்ல வெட்டுப்பா, பொழுது கிடக்கு" என்பார். எவ்வளவு வேலை மிச்சம் இருக்கிறது என்பதையும் உடலின் சூடு, மூச்சு, களைப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டு மூளை வேகத்தை நிர்ணயிக்கிறது. சின்னக் குழந்தைகளை நீண்ட தூரம் ஓடச் சொன்னால் முதலிலேயே முழு வேகம் எடுப்பார்கள். வேகத்தைப் பங்கிட வயதும் அனுபவமும் வேண்டும். 1500 மீட்டர் ஓட்டத்தில் முதல் சுற்றில் அடக்கி ஓடத் தெரிவதற்கு அடிப்படையும் இதுதான்.

இதையெல்லாம் சொல்லும்போது வறுமையைப் பயிற்சி என்று பேசிவிடக் கூடாது. சக்கிமங்கலத்தில் வளர்ந்து, லேடி டோக் கல்லூரியில் படித்து, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் ஆண்-பெண் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர் ரேவதி வீரமணி. தொடக்கத்தில் அவர் வெறுங்காலில்தான் ஓடினார். காலணி வாங்க வசதி இல்லாததுதான் காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். வயலிலும் மைதானத்திலும் எவ்வளவு உழைத்தாலும் அந்த உழைப்புக்கு முழுப் பலன் கிடைக்காது. விளையாட வரும் மாணவிகளுக்கு ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் இரும்புச்சத்து மாத்திரையும், வயிறாரச் சாப்பாடும் கிடைக்க வேண்டும். ஷூவெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

கடைசியாக வெயில். சித்திரை, வைகாசியில் மதுரையில் வெப்பம் 40 டிகிரியை ஒட்டிப் போகும். காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் உடலுக்கு இருக்கும் ஒரே வழி வேர்வை ஆவியாவதுதான். ஒரு லிட்டர் வேர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். வெயிலில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உழைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் உடல் மாறுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடும், அதே வேலைக்கு இதயத்துடிப்பு குறையும். வேர்வை முன்கூட்டியே தொடங்கும், அதிகம் சுரக்கும், அதில் உப்பு குறைவாக இருக்கும். இந்தப் பழக்கம் நிரந்தரம் இல்லை. வெயிலை விட்டு விலகினால் மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். தேர்வுக்காக ஒரு மாதம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படித்த மாணவர், முன்பு எவ்வளவு வெயில் தாங்கியவராக இருந்தாலும், திரும்ப மைதானத்துக்கோ அறுப்புக்கோ போகும்போது முதல் சில நாள் நேரத்தைக் குறைத்து, நிழலில் நின்று நின்று, தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் குடித்துத்தான் தொடங்க வேண்டும்.