விபச்சாரம்: சொல்லும் பொருளும்

வடமொழியின் 'வியபிசாரம்' தமிழில் விபசாரமாகி, பேச்சில் 'ச்' சேர்ந்து விபச்சாரம் ஆனது. வழி விலகிப் போதல் என்பதே அதன் அடிப்படைப் பொருள். தருக்க நூல்களில் ஓர் ஏது, அதாவது ஒன்றை நிறுவச் சொல்லும் காரணம், பிறழ்வதையும் இதே சொல்லால்தான் குறிப்பார்கள். அப்புறம் அது திருமணத்துக்கு வெளியே போகும் உறவைக் குறித்தது. 'விபசாரம் செய்யாதிருப்பாயாக' என்ற விவிலியக் கட்டளையில் அந்தப் பொருளைப் பார்க்கலாம்.

இதில் பணம் எங்கே வருகிறது? வரவே இல்லை. காசு கைமாறும் ஒரு செயலுக்கு நாம் வைத்திருக்கும் பெயரில் ஒழுக்கத் தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. கடனும் பசியும் தரகரும் அதற்குள் இல்லை.

தமிழில் விலைமகள், விலைமாது என்ற சொற்கள் உண்டு. 'வில்' என்ற வேரிலிருந்து வந்தது விலை. பணத்தை மறைக்கவில்லை என்ற அளவில் இவை நேர்மையானவைதான். ஆனால் ஒரு பொருளை விற்றால் அது வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடும். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. அவள் உடல் கடைசிவரை அவளுடையதுதான். ஆளையே விற்று வாங்குவதற்கு அடிமை முறை என்று பெயர். பொருளுக்கு விலை, உழைப்புக்குக் கூலி என்று தமிழ் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. விலைமகள் என்ற சொல் அவளைப் பொருளின் பக்கம் தள்ளிவிடுகிறது.

கூலியின் பக்கம் நிற்பது 'பாலியல் தொழில்'. அமெரிக்காவில் அத்தொழிலில் இருந்த கேரல் லீ, 1970களின் இறுதியில் ஆங்கிலத்தில் உருவாக்கிய தொடரின் தமிழ் வடிவம் இது. நியூசிலாந்து 2003இல் இயற்றிய சட்டம் இந்தப் பார்வையை ஏற்றது. ஸ்வீடன் 1999இலேயே வேறு வழியில் போனது: விற்பவர் குற்றவாளி அல்ல, வாங்குபவரே குற்றவாளி.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. கூலி வாங்கினால் வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்பது தொழிலின் இயல்பு. உடலுறவிலோ, காசு வாங்கிய பிறகும், பாதியிலும்கூட, 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை போகவே கூடாது. நாளைச் சோற்றுக்கு வழியில்லாதவள் அந்த 'வேண்டாம்' என்பதைச் சொல்ல முடியுமா? சந்தை இதைக் கேட்பதில்லை. இருந்தாலும், அடித்தால் புகார் கொடுக்கவும், ஏமாற்றினால் கூலியைக் கேட்கவும் அவளுக்கு இடம் தரும் சொல் இது ஒன்றுதான். அதனால் தானாக முடிவெடுத்த வயதுவந்தவரைப் பாலியல் தொழிலாளி என்றே எழுதுவேன். கட்டாயத்தால் சிக்கியவர் என்றால், பாலியல் சுரண்டலுக்கு உள்ளானவர். 'குழந்தை விபச்சாரம்' என்று மட்டும் எழுதவே கூடாது. குழந்தைக்கு அதில் சம்மதம் என்ற ஒன்றே கிடையாது. அது பாலியல் வன்கொடுமை.

சரி, வாங்குகிற ஆணுக்கு என்ன சொல்? பழந்தமிழில் பரத்தைக்கு இணையாகப் 'பரத்தன்' இருந்தது. பிற பெண்களை நாடிப் போகும் ஆண் அவன். 1311ஆம் குறளில் தலைவி தன் கணவனையே 'பரத்த' என்று விளித்து, 'நின் மார்பை நண்ணேன்', அதாவது நெருங்கமாட்டேன், என்கிறாள். பெண்ணைச் சுட்டும் சொற்களில் பலவும் வசையாக இன்றும் வழக்கில் இருக்க, பரத்தன் மட்டும் காணாமல் போய்விட்டான். இப்போது அவனை 'வாடிக்கையாளர்' என்று மரியாதையாக எழுதுகிறோம். 'வாங்குபவர்' என்றாவது எழுதலாம்.