பச்சிளம் நுரையீரலில் ரத்தம் எந்தப் பக்கம் போகிறது?

“பேத்திக்கு எட்டு மாதம். இதய ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது நுரையீரலுக்கு ஐசோடோப் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஊசியில் போகும் துகள்கள் ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளுமாமே, இது ஆபத்தில்லையா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். துகள்கள் அடைத்துக்கொள்வது உண்மைதான். எண்ணிக்கை சரியாக இருந்தால் அதனால் வரும் ஆபத்து மிகமிகக் குறைவு என்பதும் உண்மை. அந்த அடைப்பை வைத்துத்தான் படமே எடுக்கிறார்கள்.

கருவில் இருக்கும்வரை பிராணவாயு தொப்புள்கொடி வழியே வந்துவிடும். நுரையீரலுக்கு ரத்தத்தில் சிறு பங்குதான் போகும். பிறந்து மூச்சு இழுத்ததும் அங்குள்ள குழாய்கள் விரிந்து, ஓட்டம் பல மடங்கு பெருகும். ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ போன்ற பிறவிக் கோளாறுகளில் நுரையீரலுக்குப் போகும் பாதையே குறுகியிருப்பதால் குழந்தை நீலம் பாய்கிறது. (அழும்போது உதடு நீலமானால் தோஷம் என்று தாயத்துக் கட்டிக் காத்திருக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.) ஆபரேஷனில் பாதையை அகலப்படுத்திய பிறகும், வலது இடது எனப் பிரியும் கிளைகளில் ஒன்று குறுகலாகவே நின்றுவிடலாம். அப்போது ஒரு நுரையீரல் பட்டினி கிடக்கும், மற்றொன்று முழு ரத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். பிராணவாயு அளவு சரியாகவே காட்டும், குழந்தையும் சிரித்து விளையாடும். வெளியிலிருந்து பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் எடுப்பது எக்கோ. ஒலி அலை, டாப்ளர் விளைவு எல்லாம் பள்ளியில் படித்ததுதான். இதய வால்வு வழியே ரத்தம் பீய்ச்சும் வேகத்தை அளந்து, அதன் வர்க்கத்தை 4ஆல் பெருக்கினால் அழுத்த வேறுபாடு கிடைக்கும்: நொடிக்கு 3 மீட்டர் என்றால் 36 மில்லிமீட்டர் பாதரசம். அழகான கணக்கு. ஆனால் காற்று நிறைந்த நுரையீரலுக்குள் ஒலி அலை போகாது. கிளைக் குழாய்கள் உள்ளே நுழைந்ததும் எக்கோவின் பார்வை மறைந்துவிடுகிறது.

இங்கேதான் துகள்கள் வருகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கட்டிப்படுவதுபோல, மனித ரத்தத்தின் அல்புமின் புரதத்தைச் சூடாக்கிக் குருணையாக்குகிறார்கள். ஒவ்வொரு குருணையும் பெரும்பாலும் 10 முதல் 90 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன்மேல் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமத்தை ஏற்றுகிறார்கள். நரம்பில் ஊசியாகப் போட்டதும் குருணைகள் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கே ரத்தத்தோடு நன்றாகக் கலந்து, நுரையீரலுக்குத் தள்ளப்படுகின்றன. நுரையீரலின் தந்துகிகள், அதாவது மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், ஏழெட்டு மைக்ரான் அகலம்தான். குருணையால் அதைத் தாண்ட முடியாது, நின்றுவிடும்.

எந்தப் பக்கம் எவ்வளவு ரத்தம் போகிறதோ, அந்த விகிதத்திலேயே குருணைகளும் போய் நிற்கும். ஆகவே எங்கே எத்தனை நிற்கின்றன என்று எண்ணினால் போதும், ரத்தப் பங்கீடு கையில் கிடைத்துவிடும். காமா கேமரா இரு பக்கத்துக் கதிர்களையும் எண்ணுகிறது. சாதாரணமாக வலப்பக்கம் 55 சதவீதம், இடப்பக்கம் 45 (இதயம் இடப்பக்கம் இடம்பிடித்துக்கொள்வதால்). இடப்பக்கம் 20 என்று வந்தால் அந்தக் கிளையில் சிக்கல் இருக்கிறது.

நான் திரும்பத் திரும்ப வியப்பது இன்னொன்றை. ஊசி போட்ட அந்தச் சில நொடிகளின் ஓட்டம் அப்படியே உறைந்து நிற்கிறது. குழந்தை பிறகு அழலாம், தூங்கலாம். நிதானமாகப் படம் எடுத்தாலும் தெரிவது ஊசி போட்ட கணத்தின் நிலவரம்தான். அதனால் ஊசி போடும் நேரத்தில்தான் குழந்தை அமைதியாக இருக்க வேண்டும். போடுபவரின் கையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குருணைகள் அடியில் படியாதபடி சிரிஞ்சை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குவார். ஊசி நரம்பில் இருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தைச் சிரிஞ்சுக்குள் இழுக்க மாட்டார். இழுத்தால் குருணைகள் ரத்தக்கட்டியில் ஒட்டிக்கொண்டு, படத்தில் பொய்யான பிரகாசப் புள்ளிகளாகத் தெரியும்.

இனி எண்ணிக்கை. பெரியவர்களின் நுரையீரலில் தந்துகிகளுக்கு முந்தைய நுண்தமனிகள் மட்டும் சுமார் 30 கோடி. நான்கு லட்சம் குருணைகள் போட்டாலும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றுதான் அடைபடும். குருணைகளும் சில மணி நேரத்தில் உடைந்து கரைந்துவிடும். பச்சிளங்குழந்தைக்குக் குழாய்களே குறைவு என்பதால் 10,000 முதல் 50,000 வரைதான் போடுகிறார்கள். டெக்னீசியத்தின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 6 மணி நேரம். கதிர்வீச்சு, நாம் ஓராண்டில் இயற்கையிலிருந்து பெறும் அளவை ஒட்டியதே.

இதயத்தில் ஓட்டை இருந்து ரத்தம் வலமிருந்து இடமாகக் கசிந்தால், சில குருணைகள் நுரையீரலுக்குப் போகாமல் மூளையிலும் சிறுநீரகத்திலும் போய் நிற்கும். அதனால் அத்தகைய குழந்தைகளுக்கு எண்ணிக்கையை இன்னும் குறைப்பார்கள். அதே சமயம், சிறுநீரகம் படத்தில் ஒளிர்வதே எவ்வளவு ரத்தம் கசிகிறது என்பதற்குக் கணக்காகவும் ஆகிறது!

கதிர்வீச்சே வேண்டாம் என்றால் எம்ஆர்ஐ. நகரும் ரத்தத்தின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வேகத்துக்கேற்பச் சமிக்ஞையின் கட்டத்தை (அலையின் ஏற்ற இறக்க நிலையை) மாற்றுவதால், ஒவ்வொரு கிளையிலும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்றே சொல்லிவிடும். பச்சிளங்குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை மூடித் தூங்கவைத்து மயக்க மருந்தில்லாமலே எடுக்கிறார்கள். குறுகிய குழாயை விரித்துப் பிடிக்கும் உலோக ஸ்டென்ட் வைத்திருந்தால் அந்த இடம் மட்டும் கருத்துப்போகும்.

டெக்னீசியம் மாலிப்டினம்-99இலிருந்து கிடைப்பது. அந்த மாலிப்டினத்தின் அரை ஆயுளும் 66 மணி நேரம்தான் என்பதால் சேமித்து வைக்க முடியாது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் அணு உலை கசிவால் நின்றபோது உலகெங்கும் இந்த ஸ்கேன்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஐசோடோப் தயாரிக்கும் உலைகளுக்கு அரசுப் பணம் ஒதுக்குவதை மருத்துவச் செலவாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேனுக்குப் போகும்போது ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ‘க்ளென்’ ஆபரேஷன் செய்த குழந்தைகளுக்கு மேலுடலின் ரத்தம் இதயத்தில் கலக்காமல் நேராக நுரையீரலுக்குப் போகும். கையில் போட்ட ஊசி அந்த ரத்தத்தின் பங்கீட்டை மட்டுமே காட்டும். காலில் போட்டால் படம் வேறு மாதிரி வரும். எந்த ஆபரேஷன் என்று தெரிந்தால்தான் ஊசியை எங்கே போடுவது என்று அவர்களால் முடிவுசெய்ய முடியும்.